வளைந்தும் ஓட்டலாம், வலியின்றியும் ஓட்டலாம்: டிரையத்லான் மிதிவண்டியின் கைப்பிடி அமைப்பைச் சரிசெய்யும் முறை

மலைநாட்டில் மிதிவண்டி ஓட்டுகிறவரிடம், "உங்களுக்கு எதிரி எது?" என்று கேட்டால், "ஏற்றம்தான்" என்று உடனே பதில் வரும். தேவிகுளத்தில் வாழ்வோர் வேறு பதில் சொல்ல முடியாது. போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்து, பூப்பாறை, சின்னக்கானல், கேப் ரோடு வழியாக மேலேறினால் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் தேவிகுளம். இந்தப் பாதையில் நம்மைப் பின்னால் இழுப்பது நம் எடைதான்.

ஆனால் அதே மிதிவண்டியை மலையிலிருந்து இறக்கி, போடிக்கும் தேனிக்கும் இடையிலுள்ள சமதரையில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கே எதிரி மாறிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத காற்று நம் நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது. அந்தக் காற்றுக்கு எப்படி வளைந்து கொடுப்பது, வளைந்த நிலையில் உடம்பு நோகாமல் எப்படி நெடுநேரம் இருப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் செய்யும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். முப்போட்டி என்று நாம் சொல்லலாம். 2019 அக்டோபரில் கோவாவில் அயர்ன்மேன் 70.3 என்ற போட்டி நடந்தது. 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. மிதிவண்டி, 21.1 கி.மீ. ஓட்டம் என்பது அதன் அளவு. முழு அயர்ன்மேன் என்றால் மூன்றுமே இரண்டு மடங்கு. இதில் அதிக நேரம் செலவாவது மிதிவண்டியில்தான். எனவே இப்போட்டிக்குத் தயாராகும் இளைஞர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம், மிதிவண்டியின் மேல் உடம்பை எப்படி வைப்பது என்பதாகும்.

முப்போட்டி மிதிவண்டியில் இரண்டு வகைக் கைப்பிடிகள் இருக்கும். பிரேக் பொருத்திய அடிக்கைப்பிடி ஒன்று. அதன் நடுவிலிருந்து முன்னோக்கி நீளும் இரு குழாய்கள் மற்றொன்று. அந்த நீட்டுக் குழாய்களுக்குப் பின்னால், முன்கைகளைச் சாய்த்து வைக்க இரு மெத்தைகள் உண்டு. இவை எல்லாவற்றையும் சேர்த்து விமானியின் அறையைப் போலக் காக்பிட் என்கிறார்கள். சாதாரணப் பந்தய மிதிவண்டியில்கூட இந்தக் குழாய்களையும் மெத்தைகளையும் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

1. காற்றின் கணக்கு

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அந்த எதிர்ப்பை வெல்லக் கால்கள் தரவேண்டிய ஆற்றல் எட்டு மடங்காகிறது. இந்த எதிர்ப்பில் முக்கால் பங்கு அளவுக்கு மிதிவண்டி காரணமல்ல. அதன்மேல் அமர்ந்திருக்கும் உடம்பே காரணம். ஆகவே விலை உயர்ந்த சக்கரம் வாங்குவதைவிட முதுகை வளைப்பது அதிகப் பலன் தரும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. உடம்பின் முன்புற அளவையும் வடிவத்தையும் சேர்த்துக் காற்றெதிர்ப்புப் பரப்பு என்ற ஒரே எண்ணாகக் குறிப்பார்கள். சாதாரணக் கைப்பிடியைப் பிடித்து ஓட்டும்போது அது 0.32 சதுரமீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் 192 வாட் செலவாகும். சக்கரம் தரையில் உருள்வதற்குச் சுமார் 42 வாட். மொத்தம் 234 வாட். முன்கைகளை மெத்தையில் சாய்த்து வளைந்து, பரப்பை 0.26 ஆகக் குறைத்தால், அதே வேகத்தில் காற்றுக்கு 156 வாட் போதும். 36 வாட் மிச்சம்.

இனி ஏற்றத்தைப் பாருங்கள். நூற்றுக்கு ஆறு என்ற சரிவில், மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறும்போது எடையைத் தூக்கவே கிட்டத்தட்ட 140 வாட் வேண்டும். காற்றுக்குச் செலவாவது 4 வாட்டுக்கு மேல் இல்லை. ஆகையால் போடிமெட்டு ஏற்றத்தில் வளைந்து படுத்து ஓட்டுவதால் பயனில்லை. நிமிர்ந்து அமர்ந்து, நன்றாக மூச்சு விட்டு ஏறுவதே சரி.

2. எட்டு விநாடிக் கதை

இக்கைப்பிடியை உலகறியச் செய்த நாள் 1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள் அது. வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கி.மீ. தூரத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட்டவேண்டும். பிரான்ஸின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அவர் பழைய வகைக் கைப்பிடியுடன், தலைக்கவசமின்றி ஓட்டினார். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், பனிச்சறுக்குப் பயிற்சியாளரான பூன் லென்னன் உருவாக்கிய நீட்டுக் கைப்பிடியைப் பொருத்திக்கொண்டார். பனிச்சரிவில் வேகமாக இறங்குபவர் கைகளை முன்னே குவித்துக் குனிவதைக் கண்டு உருவான கைப்பிடி அது. லெமாண்ட் மணிக்குச் சராசரியாக 54.5 கி.மீ. வேகத்தில் ஓட்டி, ஃபின்யோனைவிட 58 விநாடி குறைவாக எடுத்துக்கொண்டார். மூன்று வாரப் பந்தயத்தை 8 விநாடி வித்தியாசத்தில் வென்றார்.

இக்கதையில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அன்று ஃபின்யோன் சீட் உராய்வினால் ஏற்பட்ட புண்ணோடு ஓட்டினார். ஒருவருக்குக் காற்று வழிவிட்டது; மற்றவருக்கு உட்காரும் இடமே வலித்தது. வேகமும் சுகமும் தனித்தனி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

லெமாண்டுக்கு முன்பே முப்போட்டி வீரர்கள் இக்கைப்பிடியைப் பயன்படுத்தி வந்தார்கள். அதே 1989-இல் டான் எம்ஃபீல்ட் தமது குயின்டானா ரூ நிறுவனத்தின் வழியாகச் 'சூப்பர்ஃபார்ம்' என்ற மிதிவண்டியைக் கொண்டுவந்தார். அதில் சீட்டைத் தாங்கும் குழாய் வழக்கத்தைவிடச் செங்குத்தாக இருந்தது. அதனால் சீட் முன்னே வந்தது. கைப்பிடியைத் தாழ்த்தினால் மட்டும் போதாது, சீட்டையும் உடன் நகர்த்தவேண்டும் என்ற பாடம் அதில் அடங்கியிருக்கிறது.

3. மிகத் தாழ்வு வேண்டாம்

படங்களில் பார்க்கும் உலக வீரர்களின் முதுகு மேசைபோல் தட்டையாக இருக்கும். அதைப் பார்த்து முதல் நாளே கைப்பிடியை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவோர் உண்டு. அதன் விளைவையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முன்சொன்ன 234 வாட் ஆற்றலுடன் இருவர் 90 கி.மீ. ஓட்டுகிறார்கள். முதலாமவர் மிகத் தாழ்ந்து பரப்பை 0.23 ஆக்கியவர். அந்நிலையில் அவர் வேகம் மணிக்கு 39.9 கி.மீ. ஆனால் கழுத்தும் இடுப்பும் வலிப்பதால் பாதித் தூரம் நிமிர்ந்து ஓட்டுகிறார். அப்போது வேகம் 36 கி.மீ. இரண்டாமவர் அளவாக வளைந்து 0.26-இல் நிற்பவர். வேகம் 38.4 கி.மீ. ஆனால் முழுத் தூரமும் அதே நிலையில் இருக்கிறார். முதலாமவருக்கு ஆகும் நேரம் சுமார் 142½ நிமிடம். இரண்டாமவருக்குச் சுமார் 140½ நிமிடம். தாழ்ந்தவர் இரண்டு நிமிடம் பின்தங்கிவிட்டார்! அதோடு இறுகிய இடுப்புடன் 21 கி.மீ. ஓடவும் வேண்டும்.

ஆகவே நமக்கு வேண்டியது, கடைசி வரை தாங்கக்கூடிய தாழ்வு. கீழே வரும் ஒவ்வோர் அளவையும் இந்த ஒரே நோக்கத்துடன் வைத்துக்கொள்ளுங்கள்.

4. தொடங்குமுன்

தேவையான கருவிகள் எளியவை: ஆலன் சாவிகள், அளவு டேப், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, ரசமட்டம். பின்சக்கரத்தைத் தாங்கி நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் டிரெய்னர் ஸ்டாண்ட் இருந்தால் மிக நல்லது. பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படம்பிடிக்க ஒருவர் உடனிருக்கட்டும். நம் முதுகை நாமே பார்க்க முடியாதல்லவா?

முதலில் இப்போதுள்ள எல்லா அளவுகளையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவும். இரண்டை மாற்றினால் எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று தெரியாது. போல்ட்டுகளின் அருகில் எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். கார்பன் பாகங்களில் அதை மீறினால் விரிசல் விழும். அந்த அளவுக்கு முறுக்கும் டார்க் சாவி இல்லையென்றால் கடையில் கொடுத்து முறுக்கிக்கொள்வது மேல்.

5. முதலில் சீட்

கைப்பிடியைப் பற்றிய பாடத்தில் சீட் ஏன் முதலில் வருகிறது என்று கேட்கலாம். வீட்டுக்கு அஸ்திவாரம் போல, மற்ற எல்லா அளவுகளும் சீட்டிலிருந்தே தொடங்குகின்றன.

உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் சிறிது மடங்கியிருக்கும். இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட் அதிக உயரம்.

முன்னும் பின்னும்: சாதாரண மிதிவண்டியில் அமர்ந்தபடியே நெஞ்சைத் தாழ்த்தினால், மேலே வரும் தொடை வயிற்றில் முட்டும், மூச்சு முட்டும். இதைத் தவிர்க்க உடம்பு முழுவதையும் முன்னோக்கி உருட்டியதுபோல் சீட்டை முன்னே கொண்டுவரவேண்டும். சீட்டின் மூக்கு, கிராங்க் சுழலும் அச்சுக்கு நேர்மேலேயோ சில சென்டிமீட்டர் பின்னேயோ இருக்கலாம். தூக்குக்குண்டை மூக்கிலிருந்து தொங்கவிட்டு அளக்கவும். சீட் முன்னே போனால் பெடலுக்கும் அதற்குமுள்ள தூரம் குறைகிறது. 3 செ.மீ. முன்னே தள்ளினால் ஏறக்குறைய 8 மி.மீ. உயர்த்தவேண்டும்.

சாய்வு: ரசமட்டத்தை வைத்து மட்டமாகத் தொடங்கி, வேண்டுமானால் மூக்கை ஓரிரு பாகை கீழே சாய்க்கலாம். அதிகம் சாய்த்தால் உடம்பு முன்னே வழுக்கி, தோள்கள் சுமை தாங்கும். உட்காரும் இடம் மரத்துப் போவதைச் "சரியாகிவிடும்" என்று விட்டுவிடக்கூடாது. நரம்பும் இரத்தக்குழாயும் நசுங்குவதன் அறிகுறி அது. மூக்கு பிளந்த, குட்டையான முப்போட்டி சீட்டுகள் இதற்காகவே வந்தவை.

6. பிறகு கைப்பிடி

மெத்தையின் உயரம்: புதியவர்கள் சீட்டின் மேல்பக்கத்துக்கு நேராகவோ 5 செ.மீ. தாழ்வுக்குள்ளோ மெத்தையை வைத்துத் தொடங்கவும். மெத்தைக்குக் கீழே ஸ்பேசர் எனப்படும் துண்டுகள் இருக்கும். இரண்டு வாரம் வலியின்றி ஓட்டிய பிறகு 5 மி.மீ. துண்டு ஒன்றை எடுக்கலாம். வலி வந்தால் திரும்ப வைத்துவிடலாம். எடுத்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தவும்.

நீளம்: பக்கவாட்டுப் படத்தில் காதுக்கு நேர்கீழே, அல்லது சற்றுப் பின்னே முழங்கை இருக்கவேண்டும். மேற்கைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள கோணமும் முழங்கையின் கோணமும் செங்கோணத்தை ஒட்டியோ சிறிது கூடுதலாகவோ இருக்கலாம். உடம்பின் பாரத்தைத் தசை பிடித்து நிறுத்தக்கூடாது. எலும்பின்மேல் அது இறங்கி நிற்கவேண்டும். திண்ணையில் முழங்கையை ஊன்றிப் பேப்பர் படிக்கும்போது தோள் எப்படித் தளர்ந்திருக்குமோ அப்படி இருந்தால் சரி. மெத்தை முன்கையின்மேல், முழங்கை முனைக்குச் சற்று முன்னால் படவேண்டும்.

அகலம்: தோள் அகலத்தில் தொடங்கவும். கைகளை நெருக்கினால் காற்று குறையும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. அளவுக்குமேல் நெருக்கினால் மூச்சும் வண்டியின் கட்டுப்பாடும் குறையும்.

நீட்டுக் குழாய்கள்: முனை 5 முதல் 15 பாகை வரை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் கைகள் முன்னே வழுக்காமல் நிற்கும். மணிக்கட்டு மடங்காமல், கியர் மாற்றும் பொத்தான் கட்டைவிரலுக்குத் தானாக எட்டவேண்டும். குழாயை இறுக்கிப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் நீளம் அதிகம், குழாயைச் சுருக்கவும்.

தலை: கழுத்தை நிமிர்த்திப் பார்க்காமல், தோள்களுக்கு நடுவே தலையைச் சற்று உள்ளிழுத்து, புருவத்துக்கடியிலிருந்து சாலையைப் பார்க்கப் பழகவும். 30 மீட்டருக்கு அப்பால் இருப்பது தெரியவில்லையென்றால் மெத்தை உங்களுக்கு மிகத் தாழ்வு.

தண்ணீர்ப் புட்டியை இரு கைகளுக்கும் நடுவே பொருத்தினால் நிமிராமலே உறிஞ்சலாம். குடிக்க நிமிர்வோர் குடிப்பதையே மறந்துவிடுவதும் உண்டு.

7. உடம்பு சொல்லும் குறிப்புகள்

கழுத்து வலி: மெத்தை தாழ்வு, அல்லது நீளம் அதிகம்.

தோள் எரிச்சல்: நீளம் அதிகம், அல்லது சீட் முன்பக்கம் சாய்ந்து உடம்பு வழுக்குகிறது.

கை மரத்தல்: மெத்தை தவறான இடத்தில் அழுத்துகிறது, அல்லது மணிக்கட்டு மடங்கியுள்ளது.

இடுப்பு வலி: தாழ்வு அதிகம், அல்லது சீட் பின்னே இருக்கிறது.

முழங்காலின் முன்புற வலி: சீட் தாழ்வு. பின்புற வலி: சீட் உயரம்.

அடிக்கடி பின்னே நகர்ந்து உட்காரத் தோன்றுதல்: கைப்பிடி மிக அருகில், அல்லது சீட் பொருந்தவில்லை.

ஒரு வாரத்துக்குமேல் வலி நீடித்தால் சாவியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்கவும்.

8. நம் சாலைகளில்

இனிச் சொல்வதுதான் மலைநாட்டு வாசகர்களுக்கு மிக முக்கியம். நீட்டுக் குழாயைப் பிடித்திருக்கும்போது கை பிரேக்கில் இல்லை. கையை எடுத்து அடிக்கைப்பிடிக்குக் கொண்டுபோய்ப் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகும் என்று வையுங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடிக்குள் வண்டி 10 மீட்டர் போய்விடும். இறக்கத்தில் 54 கி.மீ. வேகம் வந்தால் 15 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் அந்த 15 மீட்டர் நம்மிடம் இல்லை.

கேப் ரோட்டில் மூடுபனி எந்த நேரமும் இறங்கும். சுற்றுலா வாகனங்கள் வளைவில் நிற்கும். சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் காட்டு யானைகள் சாலையைக் கடக்கும். இங்கே இறங்கும்போது இரு கைகளும் பிரேக்கின்மேலேயே இருக்கட்டும். சீட்டை முன்னே தள்ளியிருப்பதால் பாரம் முன்சக்கரத்தின்மேல் அதிகம் விழும். இறக்கத்தில் பின்னே நகர்ந்து அமரவேண்டும். உங்கள் மிதிவண்டிப் பயணம் பெரும்பாலும் மலைச்சாலையிலேயே என்றால், சாதாரணக் கைப்பிடியுள்ள வண்டியே உங்களுக்கு ஏற்றது. போட்டி நெருங்கும்போது மட்டும் நீட்டுக் குழாயைப் பொருத்திக்கொள்ளலாம்.

அப்படியானால் மலையில் வாழ்வோர் இந்த நிலையை எங்கே பழகுவது? வீட்டுக்குள்தான்! டிரெய்னர் ஸ்டாண்டில் வாரம் மூன்று நாள் பழகலாம். முதல் வாரம் 5 நிமிடம் வளைந்து 5 நிமிடம் நிமிர்ந்து, இப்படி நான்கு முறை. பிறகு வளையும் நேரத்தை 10, 15, 20 நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போகவும். மழைக்காலத்துக்கும் இதுவே நல்ல வழி. மாதத்தில் ஓரிரு முறை சமவெளிக்கு இறங்கி, போக்குவரத்துக் குறைந்த விடியற்காலையில், துணையோடு சாலையில் சோதிக்கலாம். வாகனங்கள் நெருங்கும் இடத்திலும், குழு நடுவே ஓட்டும்போதும் நீட்டுக் குழாயைத் தொடக்கூடாது. ஒருவர் பின் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதியுள்ள போட்டிகளில் இக்கைப்பிடிக்குத் தடையோ கட்டுப்பாடோ இருக்கும். பெயர் கொடுக்குமுன் விதிகளைப் படித்துக்கொள்ளவும்.

கடைசிச் சோதனை மிதிவண்டியில் இல்லை. ஒரு மணி நேரம் வளைந்து ஓட்டி இறங்கியவுடன் காலணியை மாற்றிக்கொண்டு 10 நிமிடம் ஓடிப் பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் கால் கனப்பது இயல்பு. அதன்பிறகும் இடுப்பு நிமிர மறுத்தால், ஸ்பேசர் துண்டு ஒன்றைத் திரும்ப வைத்து, தேதியுடன் நோட்டில் குறித்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி சோதியுங்கள். சரியான அளவு கிடைத்துவிட்டால், சீட் உயரம், மூக்கின் தூரம், மெத்தையின் தாழ்வு, மெத்தைவரை உள்ள நீளம் ஆகிய நான்கு எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். வண்டியைக் கழற்றி வெளியூர்ப் போட்டிக்குக் கொண்டுபோகும் நாளில் அந்த ஒரு பக்கம் உங்களுக்குத் துணை நிற்கும்.